எமலிங்கத்துக்கு எதிரே அன்னதானம்

என் அண்ணனின் மூக்கை உடைக்க வேண்டும் என்று ஒன்றரை மாதம் கறுவிக்கொண்டு திரிந்தேன். பல் துலக்கும்போதும் அதே நினைப்பு, கடலைக்கொல்லையில் களை எடுப்பவர்களோடு நிற்கும்போதும் அதே நினைப்பு. பேரன் எடுக்கும் வயதில் இது அழகில்லை என்பார் என் வீட்டுக்காரர். அழகுக்கு யார் அழுதார்கள்?

அம்மா பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுவாள். வேங்கிக்காலில் அண்ணன் வீட்டில் இருந்தாள். நான் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்துகொள்வேன். பதினான்கு கிலோமீட்டரும் எனக்கு முன்னால் நடந்தவள், கடைசி ஒரு வருடமாக ஒவ்வொரு லிங்கத்திலும் நிற்க ஆரம்பித்தாள். அக்னி லிங்கத்தில் கால் மணி நேரம். எமலிங்கத்தில் அரை மணி நேரம், தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி. எதிரே அண்ணன் பந்தல் போட்டு அன்னதானம் செய்வான். "அம்மாவுக்கு வயசாவ வயசாவ பக்தி ஜாஸ்தியாயினே போவுது" என்று சாப்பிட வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பான். நானும் அதையே நம்பினேன், மறைப்பதற்கில்லை. நிருதி லிங்கத்தின் வாசலில் அவள் கண் செருகி விழுந்தபோதும், சாமி வந்துவிட்டது என்று சுற்றி நின்றவர்கள் விபூதியைத்தான் அள்ளிப் பூசினார்கள்.

சாமியும் இல்லை, பூதமும் இல்லை. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் இடத்தில் இருக்கிற வால்வு, சுண்ணாம்பு படிந்து இறுகிப் போயிருந்தது. எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "அங்கங்க நின்னது மூச்சு முட்டித்தாம்மா" என்றார். நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷனை எழுபத்தெட்டு வயது உடம்பு தாங்காது. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, மடக்கிய புது வால்வை இதயம் வரை கொண்டுபோய், பழையதன் நடுவிலேயே விரித்துவிடலாம். சென்னையில் செய்கிறார்கள். அப்படியே விட்டால் ரொம்ப நாள் தாங்காது என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலமே அண்ணன் பங்காளிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

"இந்த வயசுல குழாயி கிழாயின்னு உடம்பப் போட்டுப் படுத்தணுமா? நெனச்சாலே முக்தி குடுக்கற ஊருல பொறந்துட்டு, மெட்ராஸ் ஆஸ்பத்திரில போயி சாவணுமா? மலையப் பாத்துக்கினே போவட்டும்."

பங்காளிகள் தலையாட்டினார்கள். அம்மா உள் அறையில் படுத்திருந்தாள். கதவு திறந்தேதான் இருந்தது.

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் சாம்பார் சாதம் போட்டுப் புண்ணியம் தேடுகிறவன், பெற்றவளுக்கு முக்தி சீட்டு கிழித்துவிட்டான். உன்னை அப்புறம் வைத்துக்கொள்கிறேன் என்று அன்றைக்கே மனதுக்குள் முடிச்சுப் போட்டேன்.

மூன்றாம் நாள் காரோடு போய் நின்றேன். "எதுனா ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்" என்றான். "சொல்றேன்" என்றேன். ஆஸ்பத்திரியில் படிவத்தை நானே நிரப்பி, "இங்க கையெழுத்து போடும்மா" என்று நீட்டினேன். போட்டாள். காலையில் உள்ளே கொண்டுபோனார்கள், மதியத்துக்குள் முடிந்துவிட்டது. மறுநாள் வார்டில் நடக்க வைத்தார்கள். உதட்டில் ரத்த ஓட்டம் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுது முடித்த கையோடு அண்ணனின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"தெருக்கோடி வரைக்கும் நடங்க, மெதுவா கூட்டிக்கலாம். மலை சுத்தறதெல்லாம் அப்புறம்" என்றார் டாக்டர். நடக்கலாம் என்றது மட்டும் என் காதில் ஏறியது.

என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். அடுத்த மாதமே பௌர்ணமியன்று அம்மாவுக்குப் புதுப் புடவை கட்டி, ராஜகோபுரத்திலிருந்து நடத்திக் கூட்டிப் போனேன். மலை சுற்ற அல்ல, எமலிங்கம் வரைக்கும்தான். அக்னி லிங்கத்தில், "செத்த நிக்கலாமா?" என்றாள். "தோ வந்துடுச்சும்மா" என்று கையைப் பிடித்து நடத்தினேன்.

பந்தலில் பங்காளிகள் எல்லாரும் இருந்தார்கள். அண்ணன் கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தான். வரிசையில் நின்றவர்கள் காது கேட்கவே சொன்னேன்:

"யாருக்குண்ணா முக்தின்னு சொன்ன? தோ வந்து நிக்கிறாங்க, நல்லாப் பாத்துக்கோ."

அவன் முகம் செத்துப்போயிற்று. பங்காளிகள் தரையைப் பார்த்தார்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். அம்மாவும் அவனை நாலு வார்த்தை கேட்கட்டும் என்று திரும்பினேன்.

அவள் பந்தல் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவன் பங்காளியக் கூட்டி வெச்சி என்னப் போவச் சொன்னான். நீ கார இட்டாந்து ஏறச் சொன்ன. இன்னிக்கு இவனுக்குக் காட்டணும்னு இம்மாந் தூரம் இஸ்துக்கினு வந்துட்ட. ரெண்டு பேருல யாருனா என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அண்ணன் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து அவளை உட்கார வைத்தான். அதிலும் அவன் முந்திக்கொண்டானே என்றுதான் எனக்கு ஆத்திரம் வந்தது.