சின்னச் சங்கு

இரண்டாயிரங்களின் தொடக்க ஆண்டுகளில் திருவொற்றியூரில் ஒரு குழாய்த் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தேன். ஆலைச் சங்கை ஊதவைப்பதும் எங்கள் கணினிதான். தேநீர் இடைவேளைக்கு இரண்டு சங்கு. முதலில் சின்னது, கொஞ்ச நேரம் கழித்துப் பெரியது. இயந்திரங்களை நிறுத்தத் தயாராகுங்கள் என்று மேற்பார்வையாளர்களுக்குச் சொல்ல எப்போதோ வைத்தது சின்னது.

சங்குக்கான பழைய மென்பொருளை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவச் சொன்னார்கள். நீக்குவதில் ஒரு தொல்லை உண்டு. மென்பொருள் போய்விடும்; அது குறித்துவைத்த வேலைகள் கணினியின் நேர அட்டவணையில் தங்கிவிடும். இல்லாத நிரலை நேரம் தவறாமல் கூப்பிட்டு, ஆள் இல்லை என்று புகார் மடல் அனுப்பிக்கொண்டே இருக்கும். இந்த மென்பொருள் ஒழுங்கானது. போகும்போது தன் வேலைகளையும் துடைத்துக்கொண்டு போனது. புதியது வந்து தன் வேலைகளை எழுதிக்கொண்டது. அதில் பெரிய சங்கு மட்டும்தான். சின்னது வேண்டுமா என்று எல்லாப் பிரிவிலும் கேட்டேன். யாருக்கும் வேண்டாம்.

மறுநாள் வாயிலுக்கு எதிரே வடை போடும் அக்கா, காவலரோடு சண்டை போட்டு என்னை வரவழைத்தார். கையில் ஜல்லிக்கரண்டி.

"கம்ப்யூட்டரு தம்பி நீதானா? சின்ன சங்கு எங்க பூச்சு?"

"அது இனிமே ஊதாதுக்கா."

"ஊதாதா? அத கேட்டுத்தான் நான் எண்ணெ வெப்பேன். நேத்து எண்ணெ காயறதுக்குள்ள மொத்த பேரும் வந்து நின்னுகினானுங்க. டீய மட்டும் குட்சிட்டு உள்ள பூட்டானுங்க. அரைச்ச மாவெல்லாம் புளிச்சிப்பூச்சு."

"கடிகாரத்தைப் பார்த்து வைக்கலாமே?"

"கை ரெண்டும் மாவுல கீது. கடியாரத்த பாக்கவா, வடைய தட்டவா?"

"அப்ப முன்னாடியே போட்டு வச்சிடுங்க."

வேடிக்கை பார்த்த வெல்டர் சிரித்தார். "சார், யக்கா வடை ஆறிச்சின்னா செங்கல்லு. செவுரு கட்டலாம்."

"இன்னாடா சொன்ன?" கரண்டி அவர் பக்கம் திரும்பியது.

திரும்பி வந்து அட்டவணையைத் திறந்தேன். புதிய மென்பொருளின் வேலைகளோடு சின்னச் சங்கைச் சேர்த்தால், நாளை அதை மாற்றும்போது அதோடு போய்விடும். எனவே எந்த மென்பொருளுக்கும் சொந்தமில்லாத தனி வேலையாக எழுதினேன். யார் வந்தாலும் போனாலும் அது இருக்கும். மேலே ஒரு குறிப்பு: 'வடைக்கு. அழிக்க வேண்டாம்.'

அன்று பிற்பகல் சின்னச் சங்கு ஊதியதும் மேலாளர் வந்தார்.

"யாருக்கும் வேணாம்னு சொன்னீங்களே?"

"உள்ளே யாருக்கும் வேணாம் சார்." விஷயத்தைச் சொன்னேன்.

ஜன்னல் வழியே பார்த்தார். எதிரே அடுப்பு புகைந்துகொண்டிருந்தது.

"பெரிய சங்குக்கு முன்னாடி எனக்கு ரெண்டு வாங்கிட்டு வரச் சொல்லுங்க. அப்புறம் கூட்டத்துல கிடைக்காது."

முதல் ஈட்டிலிருந்து அவருக்கு இரண்டு வந்தது. பெரிய சங்கு ஊதி வாயில் திறந்தபோது அடுத்த ஈடு எண்ணெயில் மிதந்துகொண்டிருந்தது.