திருவிழாப் பாவாடையில் எடுத்த போட்டோ

"இவங்கள பாத்தா கஷ்டப்படுற பசங்க மாதிரியே தெரியலியேம்மா."

சென்னைக் கம்பெனி அதிகாரி போனில் இப்படிச் சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றில் எங்கள் அறக்கட்டளை மாலை வகுப்பு நடத்துகிறது. அங்கே பாடம் சொல்லும் பெண்ணுக்குச் சம்பளம் தருவது அந்தக் கம்பெனி. அடுத்த வருடமும் தருவார்களா என்பது நாங்கள் அனுப்பும் போட்டோக்களைப் பொறுத்திருந்தது.

தப்பு என்னுடையதுதான். போட்டோ எடுக்க வருகிறேன் என்று அம்மாக்களிடம் இரண்டு நாள் முன்பே சொல்லிவிட்டேன். போய்ப் பார்த்தால் பெண் பிள்ளைகள் எல்லாரும் திருவிழாப் பாவாடையில், முகத்தில் பவுடர், தலை கொள்ளாமல் கனகாம்பரம். ஒரு பையனின் புதுச் சட்டையில் விலைச் சீட்டைக்கூட அறுக்கவில்லை. இன்னொருவன் கையில் மாமாவின் வாட்ச் முழங்கை வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆட்டையும் புடிச்சாரட்டா?" என்று ஓர் அம்மா கேட்டார். நல்லவேளை, வேண்டாம் என்றேன்.

எங்கள் அலுவலகத்தை நடத்தும் அய்யா நல்ல மனிதர். முன்பு வெளிநாட்டு உதவி வந்த காலத்தில் வருடத்துக்கு ஒரு கடிதம் போதும் என்பார். அது நின்று, கம்பெனிகளை நம்பத் தொடங்கியதிலிருந்து மாதாமாதம் படம், வீடியோ.

"பழைய துணியில இன்னொரு வாட்டி எடுத்தாந்துடும்மா. சம்பளம் நின்னுடுச்சின்னா வகுப்ப மூட வேண்டியதுதான்," என்றார்.

மறுபடி மலைக்கு வெள்ளிமலை பஸ்ஸில் போகும்போது என் ஆறாம் வகுப்பு நினைவுக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ரிஷிவந்தியம் பக்கத்தில் இருந்த எங்கள் பள்ளிக்கு வந்து பை கொடுத்தவர்கள், என்னைச் சிரிக்காமல் நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். நல்ல பை, பத்தாவது வரை உழைத்தது. அந்தப் படம் அவர்கள் காலண்டரில் வந்தபோது, கரும்பு வெட்டிவிட்டு வந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி மூஞ்ச இப்டி வச்சிக்கினு நிக்கிற? நான் உனுக்கு சோறு போடலியா?"

மலையில் விஷயத்தைச் சொன்னதும், ஆட்டைப் பிடித்து வரவா என்று கேட்ட அம்மாதான் முந்திக்கொண்டார்.

"பழசுன்னா? கிழிஞ்சதா?"

"ஆமாங்க."

"நீ வந்தாலே நான் வேற பொடவ மாத்திக்கினுதான் வரேன். ஊரு பேரு தெரியாதவங்க பாக்கற போட்டோவுல எம்புள்ள கிழிசலோட நிக்குமா? இன்னா பொண்ணு நீ!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படம் எடுக்கப் போனை வெளியே எடுக்காமலே, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். பஸ் ஏற்றிவிட வந்த டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"சம்பளம் இல்லன்னாலும் ஒரு மாசம் ஓட்டிடுவேன்க்கா. அப்புறம் கேரளாவுக்கு மொளகு பறிக்கத்தான் போவணும்."

மறுநாள் கம்பெனிக்கு அதே படங்களைத் திரும்ப அனுப்பினேன். "இவர்கள் படத்துக்கென்று நல்லதாக உடுத்தி வந்தவர்கள். வேறு படம் எடுக்கப் போவதில்லை. நேரில் வாருங்கள், வகுப்பைப் பாருங்கள்" என்று எழுதி, அய்யாவிடம் கையெழுத்து வாங்கினேன். பெருமூச்சு விட்டார், ஆனால் போட்டார்.

பதில் இன்னும் வரவில்லை. கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடை பாய் ஒருவர் டீச்சரின் இரண்டு மாதச் சம்பளத்தை ஏற்றுக்கொண்டார். படம் எதுவும் வேண்டாம் என்றார். அதற்கு அடுத்த மாதங்களுக்காக இன்று காலை தியாகதுருகத்தில் மூன்று கடைகளில் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.