ஏழாம் நாள் சாயங்காலம்

ஸ்ரீரங்கத்துப் பெண்களுக்கு நவராத்திரியில் ஏழாம் நாள்தான் பெரிய நாள். வருஷமெல்லாம் பட்டுக்குள் மறைந்திருக்கும் பெருமாள் கோயில் தாயாரின் பாதங்களை அன்று ஒரு சாயங்காலம் மட்டும் சேவிக்கலாம். விட்டால் அடுத்த வருஷம்தான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அம்மா அந்தத் திருவடி சேவையைத் தவறவிட்டதே இல்லை. காய்ச்சலோடு போயிருக்கிறாள். என்னை வயிற்றில் சுமந்துகொண்டும் போயிருக்கிறாள்.

அப்போது எங்கள் கொலு விரலுக்குத் தகுந்த வீக்கம்தான். டிரங்குப் பெட்டியும் பலகையும் அடுக்கி, மேலே அப்பாவின் வேட்டியை விரித்தால் மூன்று படி. ஒரு ஜோடி மரப்பாச்சி, மூக்குடைந்த செட்டியார், நீலம் வெளுத்த கிருஷ்ணர். வந்த நாலு பேருக்குச் சுண்டல் கொடுத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு அம்மா கோயிலுக்குக் கிளம்பிவிடுவாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பொன்மலை ரயில் பட்டறையில் அப்பாவுக்குப் பதவி உயர்வு வந்தது. மெட்ராஸ் போன மனிதர், சாவி கொடுத்தால் வட்டமாக ஓடும் பொம்மை ரயில் ஒன்றை வாங்கி வந்தார். பகலெல்லாம் ரயிலோடு மாரடிப்பது போதவில்லை போலிருக்கிறது. ரயில் வந்ததும் ஸ்டேஷன் வேண்டியிருந்தது. ஸ்டேஷனுக்கு மனிதர்கள், மனிதர்களுக்கு மேலும் படிகள். பெரிய கடை வீதி பொம்மைக் கடைக்காரர் எங்களைத் தூரத்தில் கண்டாலே ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கலர் பல்பு எரிந்தது. புத்தூரிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து பார்த்தார்கள். கடைத்தெருவில் அம்மாவை 'ரயில் கொலு வீட்டம்மா' என்றார்கள். அவள் கூச்சப்படுவது போலத் தலையைக் குனிந்துகொள்வாள். உள்ளுக்குள் குளிர்ந்து போயிருந்தது எனக்குத் தெரியும்.

ஒரு வருஷம் மாதர் சங்கத்தார் கொலுப் போட்டி வைத்தார்கள். எங்கள் வீட்டைப் பார்க்க ஏழாம் நாள் சாயங்காலம் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அம்மா தாயாருக்குக் கட்டிய மல்லிகைச் சரம் தட்டில் தயாராக இருந்தது. அவள் தட்டைப் பார்த்தாள், படிகளைப் பார்த்தாள்.

"வர்றவங்களுக்கு ரயிலை யாரு ஓட்டிக் காட்டுவா? இந்த ஒரு வருஷம்தானே. தாயார் எங்கடி போயிடப் போறா?"

அவர்கள் விளக்கு வைத்த பிறகுதான் வந்தார்கள். ரயிலை இரண்டு தரம் ஓடவிட்டுப் பார்த்தார்கள், சுண்டலுக்கு உப்புக் குறைவு என்றார்கள், முதல் பரிசு கொடுத்தார்கள். எவர்சில்வர் குடம். மல்லிகைச் சரத்தை அம்மா கொலுவுக்கே சாத்திவிட்டாள். அடுத்த வருஷமும் போகவில்லை. பரிசு வாங்கிய கொலுவை யாரை நம்பி விட்டுப்போவது? அதற்கடுத்த வருஷம் யாரும் அதைப் பேசக்கூட இல்லை. இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அப்பாமேல் கோபமா, அம்மாமேலா, அந்தத் தகர ரயிலின்மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு அம்மாவைப் பக்கவாதம் கட்டிலில் போட்டது. அந்த நவராத்திரிக்குக் கொலு வைக்கவில்லை. பொம்மைகள் பழைய பேப்பரில் சுற்றியபடி பரணிலேயே கிடந்தன. ஏழாம் நாள் காவலுக்கு ஒன்றுமில்லை, வருகிறவர்களும் இல்லை. நாற்காலியில் தூக்கிக்கொண்டு போகலாமா என்று அப்பா கேட்டதற்கு, அந்தக் கூட்டத்தில் வேண்டவே வேண்டாம் என்றார் டாக்டர். நான் மட்டும் போய்ச் சேவித்துவிட்டு, பிரசாத மஞ்சளை அம்மாவின் நெற்றியில் இட்டேன்.

"திருவடி எப்படி இருக்கும்டி? எனக்கு மறந்தே போச்சு."

பார்த்ததையெல்லாம் நிதானமாகச் சொன்னேன். பாதத்தைச் சொன்னேன், சாத்தியிருந்த பூவைச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதோரம் வழிந்தது.

"தாயார் வரமாட்டேங்கிறாடி. கண்ணை மூடினா அந்த ரயில்தான் சுத்திச் சுத்தி வருது."