மாடு குடிக்காத தண்ணீர்

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து மலைச்சரிவில், தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் வெட்டிய சிறு குளம் ஒன்று இருந்தது. தோட்டத்துக்குத் துணி வெளுக்கும் டோபி வீரய்யா அதன் கரையில் குடியிருந்தார். மனைவி இறந்தபின் அவரோடு நின்று பேசியவர் ஒருவர்தான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பரிமளம் மாலையில் தன் பசுவுக்குத் தண்ணீர் காட்ட வருவார்.

"ஒங்க மாடு கணக்கப்பிள்ள மாதிரிக்கா. குடிச்சாத்தான் மொகம் தெளியுது" என்பார் வீரய்யா.

"துணியவிட ஒன் வாயத்தான் நல்லா வெளுத்து வச்சிருக்க" என்பார் பரிமளம்.

1911ஆம் ஆண்டு ஆனியில் மழை நின்றது. காய்ந்த காற்று ஆவணி வரை அடித்தது. குளத்துக்கு வரும் ஓடை நூலாக இளைத்தது. இருக்கிற தண்ணீராவது தங்கட்டும் என்று வீரய்யா, நீர் வெளியேறும் மடையைப் புல்மண்ணால் அடைத்தார். வெயில் தண்ணீரை மட்டுமே எடுத்துப் போனது. துணிக்குப் போட்ட சோடாவும் சவுக்காரமும் குளத்திலேயே தங்கின. சட்டைகள் பழுப்பேறின. அவர் இன்னும் கொஞ்சம் சோடா சேர்த்தார். நீர் வற்றிய கரையில் வெள்ளையாக உப்புப் பூத்தது.

ஒரு மாலை பசு தண்ணீரில் மூக்கை வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

"நேத்தும் குடிக்கல. கரிக்குது போலருக்கு" என்றார் பரிமளம். "இனி மேமலை ஊத்துக்கே ஓட்டிக்கிறேன்."

"மழ பேஞ்சா சரியாயிரும்க்கா."

"பேயட்டும். அப்ப பாப்போம்."

அவர் போனபின் வீரய்யா ஒரு கை அள்ளிக் குடித்துத் துப்பினார். மறுநாள் மாலை யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மடையை அடைத்தது தன் பிழை என்று விளங்கியதும் அதை வெட்டிவிட்டார். குளம் சேறானது. ஐப்பசி வரை மூட்டையைச் சுமந்துகொண்டு ஆற்றுக்கு இறங்கினார்.

ஐப்பசி மழையில் குளம் நிரம்பி வழிந்து, மறுபடி நிரம்பியது. கரிப்பு போய்விட்டது. வீரய்யா முதல் தடவையாக மூட்டை இல்லாமல் லயத்துக்கு ஏறினார்.

"தண்ணி நல்லாயிருச்சுக்கா. மாட்ட ஓட்டிட்டு வாங்க."

வாசலில் கொழுந்துக்கூடைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த பரிமளம் நிமிர்ந்தார். "அத அப்புத்தளைக்காரருக்கு வித்தாச்சேப்பா. லயத்துக்கும் பீலி வந்திருச்சு, குடிக்க வாசல்லயே தண்ணி. எனக்கு இனி அங்க என்ன வேல?" பிறகு, "ஒக்காரு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார்.

"துணி ஊறுதுக்கா."

அன்று எந்தத் துணியும் ஊறவில்லை.

அதன்பின் அவர் வாளியில் தண்ணீர் மொண்டு கரைக்கு அப்பால் துவைத்து, அழுக்கு நீரைச் சரிவில் ஊற்றினார். 1921இல் அவர் இறக்கும்வரை மடை திறந்தே கிடந்தது. பசு நின்று குடித்த இடத்தில் புல் வளர்ந்தால் அறுத்துவிடுவார்.