வலைக்காரர் தந்த ஈயம்

எங்கள் ஊரில் என்னை மிக நல்ல மனிதன் என்று நம்பும் வீடு ஒன்று இருக்கிறது. அது என் சொந்த வீடு. விருந்தாளிகள் யார் வந்தாலும் என் மனைவி அந்தக் கதையை எடுத்துவிடுவாள். பெற்றோல் இல்லாத காலத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் கை பழுதாகிப் போகாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் நான்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன் என்று. அவள் சொல்வதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்த நேரத்தில் நான் தண்ணீர் குடிக்கிற சாட்டில் குசினிக்குள் போய்விடுவேன்.

அந்த வருடம் நாட்டில் பெற்றோலும் இல்லை, சமையல் காஸும் இல்லை. நான் வேலைசெய்த அரசாங்கக் கந்தோரை வாரத்தில் மூன்று நாட்களாகக் குறைத்திருந்தார்கள். மிச்ச நாட்களில் நானும் என் கைத்தொலைபேசியும்தான். வெளிநாட்டுக் காடுகளுக்குள் தனியே போய் இருந்து காட்டுகிறவர்களின் வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்த்தேன். உள்ளங்கை அளவு தகரப் பெட்டிக்குள் மீன்பிடிச் சாமான்களை அடுக்கி வைத்திருந்தால் எந்த ஆபத்திலும் உயிர் தப்பலாம் என்றார்கள். வன்னியில் இருந்துகொண்டு இதைப் பாடமாகப் படிப்பதற்கு ஒரு முகம் வேண்டும். எங்கள் ஒழுங்கையில் எந்தப் படலையைத் திறந்தாலும் உண்மையாகவே உயிர் தப்பி வந்தவர்கள் இருந்தார்கள். நான் அந்தக் கணக்கில் இல்லை. கடைசிச் சண்டை நடந்தபோது நான் கொழும்பில் வேலையில் இருந்தேன். அந்தக் குறைதான் என்னை அந்தப் பெட்டியில் கொண்டுபோய் விட்டதோ என்னவோ.

பெட்டி கிடைத்தது. கனடாவிலிருந்து வந்த மைத்துனன் விட்டுப்போன இருமல் மிட்டாய்த் தகரம். பழைய பாட்டா செருப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி, தூண்டில் முட்களை அதில் வரிசையாகக் குத்தினேன். தங்கூசி நூலை ஐஸ்பழக் குச்சியில் சுற்றினேன். மிதப்புக்கு வெள்ளை ரெஜிபோம் துண்டு, அரைச் சவர அலகு, இரண்டு ஊசி, மெழுகில் தோய்த்த நெருப்புக்குச்சிகள். எல்லாவற்றையும் வைத்து மூடியை அழுத்தினால் 'டக்' என்று மூடவேண்டும். மூடாவிட்டால் மறுபடி கொட்டி அடுக்குவேன். இரண்டு முழு நாட்கள் இதிலேயே போயின.

"விறகு கொத்த ஆளில்லை. இவர் மிட்டாய்ப் பெட்டி அடுக்கிறார்," என்றாள் மனைவி.

குறைவாக இருந்தது ஈயம் மட்டும்தான். ஈயம் இல்லாவிட்டால் நூல் தண்ணீரில் தாழாது. அதற்காகத்தான் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

அவர் இரணைமடுக் குளத்தில் வலை போடுகிறவர். மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து சின்ன வயதில் தாய் தகப்பனோடு வந்து வன்னியில் ஊன்றியவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன். அவர் என்னைச் சேர் என்பார். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து வயற்காணி எடுத்த குடும்பம், அரசாங்க உத்தியோகம் என்று அந்த 'சேர்' எனக்கு உரியதுதான் என்றே நான் நினைத்திருந்தேன். அவருடைய மனைவி குளத்து மீன் கொண்டுவந்து தந்தால், எங்கள் வீட்டில் அதை வாங்கி, அவர் போனபிறகு பூனைக்குப் போடுவோம். சேற்று மணமாம்.

அவர் தன் வலைக்கான ஈயத்தைத் தானே செய்வார். பழைய ஈயத் துண்டுகளைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, சுருட்டி, நூல் வழுக்காமல் இருக்கக் கத்தியால் குறுக்கே ஒரு கீறல் போடுவார். எனக்கு ஒரு கைப்பிடி அள்ளித் தந்தார். நான் சும்மா வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். பெட்டியைத் திறந்து காட்டி, காட்டுக்குள் மாட்டுப்பட்டால் எப்படித் தப்புவது என்று அவருக்கு விளக்கத் தொடங்கினேன். முள்ளிவாய்க்கால் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்த மனிதருக்கு. அவர் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டார்.

"எல்லாம் சரிங்க சேர். உப்பு எங்க வைப்பீங்க?"

"உப்புக்கு இடமில்லை அண்ணை."

அவர் சிரிக்கவில்லை. நான் கிளம்பும்போது ஒன்று மட்டும் சொன்னார்.

"குளத்துல எதையும் கட்டினா அவுத்துட்டு வந்துருங்க சேர். நாங்க கண்ணால பாத்து வலை எடுக்கிறதில்ல. தண்ணிக்குள்ள கையை விட்டுத் தடவித்தான் எடுக்கிறது."

"ஓம் ஓம்," என்றேன். காது கேட்டது. மனம் எங்கேயோ நின்றது.

அடுத்த சனிக்கிழமை காலை குளத்துக்குப் போனேன். கோடையில் தண்ணீர் உள்ளே இழுத்துவிட, விளிம்பெல்லாம் பட்டமரக் கட்டைகள் நின்றன. ஒரு நூலில் ஐந்து முட்கள் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஈயம் போட்டு, மண்புழு கொழுவி, முழங்காலளவு தண்ணீரில் நின்ற ஒரு கட்டையில் கட்டிவிட்டேன். கட்டிவிட்டுப் பேசாமல் இருந்தால் மீன் தானாக வந்து மாட்டும் என்பது வீடியோக்காரரின் வாக்கு. கரையில் குந்தி அரைமணித்தியாலம் இருந்திருப்பேன். மீன் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. அப்போது கந்தோர் நண்பன் தொலைபேசியில் அழைத்தான்.

"டேய், பெற்றோல் வந்திட்டுது. பவுசர் இப்பதான் உள்ள போகுது. கெதியா வா!"

அந்த ஒரு சொல்லுக்கு அந்த வருடம் எல்லாரும் எப்படி ஓடினோம் என்று இருந்தவர்களுக்குத் தெரியும். பெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டேன். நூலைத் திரும்பிப் பார்த்தேன். இதை அழுத்தமாகச் சொல்லவேண்டும்: மறக்கவில்லை, பார்த்தேன். அவிழ்க்க ஐந்து நிமிடம் போதும். அதற்குள் வரிசையில் ஐம்பது பேர் முந்திவிடுவார்கள் என்று நினைத்தேன். வந்து எடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன்.

அன்று வரிசையில் நின்று நின்று ஒருவழியாகத் தாங்கி நிரம்பியது. ஞாயிறு மனைவியின் பக்கத்தில் ஒரு கலியாணம். திங்கட்கிழமை காலை அண்ணையும் கூட்டாளிகளும் வலையோடு குளத்தில் இறங்கினார்கள். இரண்டு பேர் வலையைப் பிடிக்க, மற்றவர்கள் தண்ணீரை அடித்து மீனைக் கலைத்தார்கள். வலை ஒரு கட்டையில் சிக்கியது. அண்ணை குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவினார். என்னுடைய முள் அவருடைய வலதுகைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஏறி மறுபக்கம் வந்தது. கையை இழுக்க, கட்டையில் கட்டியிருந்த நூல் விடவில்லை. ஆள் தண்ணீருக்குள் விழுந்தார். கூட நின்றவர்கள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்களாம்.

புதன்கிழமை கை தோள்வரை வீங்கிக் காய்ச்சல் அடித்தது. ஒழுங்கையில் எந்த வண்டியிலும் எண்ணெய் இல்லை. என்னுடையதில் மட்டும் இருந்தது. அது எப்படி வந்த எண்ணெய் என்று எனக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் கிழித்துக் கழுவி மருந்து கட்டினார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும், விட்டால் விரல் மடங்காது என்றார்கள். விரல் மடங்காத கையால் வலை இழுக்க முடியாது. அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கையால்தான். "நான் கொண்டு போறன் அண்ணை," என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரிங்க சேர்," என்றார்.

மோல்ற்றாச் சத்துமா ரின் ஒன்றும் மலிபன் விசுக்கோத்தும் வாங்கிக்கொண்டு நோய் பார்க்கவும் போனேன். பிளாஸ்ரிக் கதிரை போட்டு இருத்தினார்கள். இந்தக் காரியத்தைச் செய்தவன் எவன் என்று வந்திருந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்கள். சும்மா இருந்திருக்கலாம். "வெளியூரிலயிருந்து பொழுதுபோக்க வாறவங்கள்தான் இப்பிடிக் கட்டிப்போட்டுப் போறவங்கள். பொறுப்பில்லாத சாதிகள்," என்றேன். எல்லாரும் ஆமோதித்தார்கள். அண்ணை மட்டும் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அவருடைய மனைவி முடிவெடுத்துவிட்டார். அம்மன் கோயிலில் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, செய்தவனைக் கேட்கச் சொல்லி முறையிடுவது. எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய நீதிமன்றம் இல்லை. என் மனைவி தானும் வருகிறேன் என்று விரதத்தோடு கிளம்பினாள். தேங்காய் எங்கள் வளவுத் தேங்காய். நானே உரித்துக் கொடுத்தேன்.

கோயிலில் காற்று. நெருப்புக்குச்சி அணைந்து அணைந்து போனது.

"இஞ்சாருங்கோ, நீங்கள் மறைச்சு நிண்டு கொளுத்துங்கோவன்," என்றாள் மனைவி.

எனக்கு விழப்போகும் சாபத்துக்கு நானே கற்பூரம் கொளுத்தினேன். முதலில் வந்தது பயம்தான். வெட்கம் பிறகுதான் வந்தது. அண்ணையின் மனைவியான அக்கா தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"தாயே, என் புருஷன் கையை இப்பிடிப் பண்ணினவன் எவனோ, அவன் கை..."

"வேணாம்," என்றார் அண்ணை. இடதுகையால் தேங்காயைப் பிடித்து வாங்கிவிட்டார். "அவன் வேணும்னா பண்ணியிருப்பான்? வீட்டுக்குக் கொண்டு போயி சம்பல் அரை."

அக்கா அழுதார். என் மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களே, எப்பிடியான மனுசன்," என்று என் காதில் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் இலேசாகிவிட்டது. அந்த இலேசை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பு வருகிறது. தப்பிவிட்டேன் என்று ஆறுதல்பட்டேன். வீடியோ பார்த்து, பெட்டி அடுக்கி நான் படித்த தப்புதல் அதுதான்.

கட்டு மாற்றும் பயணம் ஐந்து கிழமைகள் நடந்தது. பின்னால் அவர் இருக்கும்போது கதைக்கத் தேவையில்லை, முகம் பார்க்கத் தேவையில்லை. கடைசி நாள் வைத்தியர் விரலை மடக்கச் சொல்ல, அண்ணை மடக்கிக் காட்டினார். திரும்பி வரும்போது குளத்துக்குத் திரும்பும் சந்தியில் நான் வண்டியை நிறுத்தினேன். அன்று சொல்லாவிட்டால் இனிச் சொல்லமாட்டேன் என்று தெரிந்திருந்தது.

"அண்ணை, உங்களோட ஒரு கதை இருக்கு."

"தெரியுங்க சேர்."

"என்ன தெரியும்?"

"அந்த ஈயம் நான் குடுத்தது. என் கத்திக் கீறல் எனக்குத் தெரியாதா? அன்னைக்கே கரையில வச்சுப் பாத்துட்டேன்."

மன்னித்துவிட்டுத்தான் இத்தனை நாளும் பேசாமல் இருந்திருக்கிறார் என்று நினைத்தேன். கும்பிடலாமா என்றுகூட வந்தது.

"அப்ப ஏன் அண்ணை ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

அவர் வண்டியிலிருந்து இறங்கி, வலதுகையை ஒருமுறை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"சொல்லியிருந்தா உங்களுக்கு மூஞ்சி கெட்டுப்போயிருக்கும். அப்புறம் நம்ம வீட்டுப் பக்கம் வந்திருப்பீங்களா? எண்ணெய் உங்ககிட்டதானே இருந்திச்சு. எனக்குக் கை வேணும்ல."

நான் குனிந்து பெற்றோல் தாங்கியைப் பார்த்தேன்.

"அன்னைக்கு அம்மன்கிட்டயும் அதுதான். தேங்காய் உடைஞ்சு உங்களுக்கு ஒண்ணு ஆகிப்போனா என்னைய யாரு ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போறது?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அரிசி இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் குரலில் சொன்னார். வண்டியில் மறுபடி ஏறவும் இல்லை, நடந்தே போனார்.

அன்று பின்னேரம் எங்கள் படலைக்கு வந்து, மிச்ச ஈயம் இருந்தால் வேண்டும், வலைக்குக் குறைகிறது என்றார். நான் உள்ளே போய்ப் பெட்டியோடு கொண்டுவந்து நீட்டினேன். அவர் அதைத் திறந்து, ஈயத் துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். முட்களையும் நூலையும் தொடவில்லை. மூடியை அழுத்தி, பெட்டியை என் கையிலேயே திரும்ப வைத்தார்.

"மத்த அஞ்சும் என்கிட்ட இருக்கு," என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னைச் சேர் என்று கூப்பிட்டதில்லை. தம்பி என்றும் இல்லை. வழியில் கண்டால் சைக்கிள் மணியை அடித்துவிட்டுப் போவார். அந்த வீட்டிலிருந்து குளத்து மீன் வருவதும் நின்றுவிட்டது. ஏன் வருவதில்லை என்று என் மனைவிக்கு இன்னும் விளங்கவில்லை.

"நீங்கள் அவ்வளவு செய்தும் நன்றி இல்லாத சனங்கள்," என்று போன கிழமையும் விருந்தாளிகளுக்கு முன்னால் சொன்னாள். நான் தண்ணீர் குடிக்க எழும்பிப் போனேன்.