மூன்று நாள் மிதித்த பாத்தி

ஒரு மாதமாக என் விரல்களைப் பிடித்துக்கொண்டுதான் வீடு முழுக்க நடக்கிறான் என் மகன். விட்டால் உட்கார்ந்து அழுகை. குனிந்து குனிந்து என் இடுப்பு போய்விட்டது.

இன்று மதியம் அவனையும் தூக்கிக்கொண்டு உப்பளத்தில் வேலை செய்யும் என் வீட்டுக்காரருக்குச் சோறு கொண்டுபோனேன்.

கேரியரைத் திறக்க ஒரு நிமிடம் வரப்பில் உட்கார வைத்தேன். அவ்வளவுதான். எழுந்து, தனியாக நடந்து, பாத்திக்குள் இறங்கிவிட்டான்!

உப்புத் தண்ணீர் கட்டுவதற்காக மூன்று நாளாகக் காலால் மிதித்துச் சமமாக்கி வைத்திருந்த பாத்தி. ஈரம்கூடக் காயவில்லை.

பாய்ந்து இறங்கப் போனேன். அவரோடு வேலை செய்யும் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"நீ எறங்காதம்மா! அவன் கால் சின்னது, தேச்சிடலாம். நீ எறங்கினா பள்ளமாயிடும்!"

ஆகவே நான்கு பெரியவர்கள் வரப்பில் நின்று கெஞ்சினோம். நான் போனை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டேன். அவன் நடுவில் பொத்தென்று உட்கார்ந்தான், சிரித்தான், எழுந்து எதிர்ப்பக்கமாக நடந்தான்.

அங்கே அவனைப் பிடித்த என் வீட்டுக்காரர் திட்டுவார் என்று பார்த்தால், "பதினாலு அடி எடுத்து வச்சிருக்கான்டீ! மொத நடைக்குக் கொழுக்கட்ட போட்டு தெருவுக்கே குடுக்கணும். வீடியோ எடுத்தியா?" என்கிறார்.

எடுக்கவில்லை. போன் கையில்தான் இருந்தது.

சாயங்காலத்துக்குள் காலடித் தடங்களையும் மிதித்து அழித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அவன் மறுபடி என் விரலைப் பிடித்துக்கொண்டான். மாமியார், "நான் பாக்காம கொழுக்கட்டையெல்லாம் கெடையாது" என்று சொல்லிவிட்டார்.

நாளை பக்கத்துப் பாத்தியை மிதித்து முடிக்கிறார்களாம். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போகட்டுமா, சொல்லுங்கள்.