இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொரு தோல்கள்

ஷபீ அஹமதுக்குத் தன் நிழல் மேலேயே சந்தேகம் என்று ஆம்பூரில் பேசிக்கொள்வார்கள். வீட்டில் பாயசம் வைத்தால்கூட, "இன்னிக்கி இன்னா விசேஷம்?" என்று மனைவியைக் குறுக்கு விசாரணை செய்கிற மனிதர்.

1920களில் அவர் ஒரு தோல் கிடங்குக்குப் பொறுப்பாளர். எழுதப் படிக்கத் தெரியாது. திருட்டைப் பிடிக்கத் தனி வழி வைத்திருந்தார். கிராமத்து வியாபாரிகள் ஆட்டுத்தோலைச் சமமான கட்டுகளாகத்தானே கொண்டுவருகிறார்கள்? ஆகவே பதனிட்டுக் காய்ந்த பிறகும், இரண்டிரண்டு முதல் பத்துப்பத்து வரை ஏதாவது ஒரு கணக்கில் மிச்சமில்லாமல் குவியலாக வேண்டுமாம். வராவிட்டால் திருட்டு! நெமிலிக்காரர் கட்டில் பத்து, காவேரிப்பாக்கத்தார் கட்டில் ஏழு, தொட்டியில் எல்லாம் கலந்துவிடும் என்பதை அந்தப் புத்திசாலி யோசிக்கவே இல்லை. இப்படியே இரண்டு பேருக்குத் திருட்டுப் பட்டம் கட்டி விரட்டினார். அவர்களை ஊரில் வேறெந்தக் கிடங்கும் சேர்க்கவில்லை.

ஒரு நாள் 2521 தோல்கள் வந்தன. அடுக்கியவள் பூவம்மாள், கணவன் இல்லை, வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். பத்துப்பத்தாக அடுக்கினாள். ஒன்று மிஞ்சியது. ஒன்பது, எட்டு, ஏழு என்று இரண்டு வரை குறைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு தோல் மிஞ்சியது.

"இது மட்டும் தனியா நிக்குதே, இதோட கூட்டாளிங்க எங்க போச்சு?"

"எனக்கின்னா தெரியும் பாய்? குடுத்தத அடுக்குனேன்."

"எல்லாரும் இதான் சொல்வாங்க."

2521 ஒரு பகா எண். தன்னையும் ஒன்றையும் தவிர எதற்கும் மசியாது. ஐம்பது வரை முயன்று தோற்றாலே போதும். அதைவிடப் பெரிய குவியல் சரியாக வந்தால், குவியல்களின் எண்ணிக்கை ஐம்பதுக்குள் அடங்கி முன்பே பிடிபட்டிருக்கும். இதைப் போய் ஷபீ அஹமதிடம் யார் சொல்வது?

"லுஹர் தொழுதுட்டு வர்றேன். திரும்ப அடுக்கி வை. அப்பவும் சரியா வரலன்னா நாளைக்கி வராதே."

பூவம்மாளுக்குப் பிள்ளைகளின் முகம் நினைவுக்கு வந்தது. மிஞ்சிய தோலைக் கையில் எடுத்தாள். பிறகு மடித்துப் புடவைக்குள் வயிற்றோடு வைத்துக் கட்டிக்கொண்டாள்.

திரும்பி வந்தவர் பார்த்தார். பத்தில் மிச்சமில்லை.

"எப்படி வந்துச்சு?"

"காலையில நான்தான் தப்பா எண்ணிட்டேன் பாய்."

அவர் நம்புவாரா? ஒன்பதில் அடுக்கச் சொன்னார், சரியாக வந்தது. எட்டு, ஏழு, ஆறு, எல்லாம் வந்தன. வராமல் என்ன? இரண்டு முதல் பத்து வரை எல்லாவற்றாலும் வகுபடும் மிகச்சிறிய எண் 2520தான். இத்தனை சுத்தமான கணக்கை ஷபீ அஹமது தம் வாழ்நாளில் கண்டதில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சுக்கோ பூவம்மா. உன்ன மாதிரி நேர்மையானவ இந்தக் கிடங்குலயே இல்ல."

அவர் அதற்கு முன் யாரிடமும் மன்னிப்புக் கேட்டவரில்லை. பூவம்மாள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். அன்றுவரை அவள் அங்கிருந்து ஒரு துண்டுத் தோலைக்கூட எடுத்ததில்லை.